வெப்சைட்டுக்கு வடக்கே ஜெராக்ஸ் கடை

திண்டுக்கல் நாகல் நகரில் ஜெயமேரி அக்காவின் எஸ்.டி.டி. பூத்துக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். தொண்ணூற்று நான்கில் நான் கடை போட்டபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், மேலே ஓடாத குட்டி ஃபேன். கதவைச் சாத்தினால் வெளியே கேட்காது என்று நம்பித்தான் ஜனங்கள் உள்ளே போவார்கள். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டும். காலால் கதவை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு சாண் போதும் ஜெயமேரிக்கு.

பம்பாய்க்குப் பேசினாலும் துபாய்க்குப் பேசினாலும், கடைசியில் பேச்சு யார் வீட்டுக் கல்யாணத்திலாவது வந்துதான் நிற்கும். ஒருநாள் கூண்டிலிருந்து ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மகளுக்கு ஒரு வரனும் அமையவில்லை என்று அண்ணனிடம் புலம்பிவிட்டு வந்திருந்தார். பில் கிர்கிர் என்று வந்துகொண்டிருந்தது. அதைக் கிழித்து நீட்டியபடியே ஜெயமேரி சொன்னார்:

"வத்தலக்குண்டுல ஒரு பையன் இருக்கான். கரண்ட் ஆபீஸ்ல வேல. அவுக அம்மா நேத்து இதே ஸ்டூல்ல உக்காந்துதான் அழுதாக."

அந்தக் கல்யாணம் நடந்தது. அதுதான் முதல். பிறகு பூத்துக்குப் பேச வருகிறவர்களைவிட வரன் கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். ஜெயமேரிக்கு ஊர் அகரம், விவசாயக் குடும்பம். கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். கணவர் ராயப்பராஜ் பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஜெயமேரி நின்றால், செருப்புப் போடுவதற்குள் நான்கு தாய்மார்கள் சூழ்ந்துகொள்வார்கள். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு மறக்காது. மறக்காதது மட்டுமில்லை, இன்னொருவரிடம் சொல்லாமலும் இருக்க முடியாது. அதுதான் அவர் தொழிலின் மூலதனம்.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. கூண்டு காலியானது. இரண்டாயிரத்து நான்கில் பேகம்பூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஆசாத் ஒரு நோட்டீஸை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தவர், பக்கத்தில் வரன் கேட்டு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதையே வெப்சைட்டாப் போட்டா சிங்கப்பூர்ல இருக்கவன்கூடப் பாப்பான்" என்றார். ஜெயமேரி அன்றைக்கே சரி என்றுவிட்டார். கூண்டைப் பிரித்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. ‘சேர்த்துவை டாட் காம்’ பிறந்தது.

வெப்சைட்டில் ஃபோட்டோ, பெயர், வயது, சம்பளம், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்தன. எந்தக் கதவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசிக் கட்டத்துக்கு ‘குறிப்பு’ என்று பெயர். அதில் ஜெயமேரி தனக்குத் தெரிந்ததை எழுதினார். ‘பையன் தங்கம். அம்மா கொஞ்சம் பேசுவாங்க.’ ‘பொண்ணு சிரிச்ச முகம். அப்பாவுக்கு முன்கோபம், சாயங்காலம் போன் பண்ண வேண்டாம்.’ ‘மாநிறம்னு சொல்றாங்க, நேர்ல பாத்துக்கங்க.’

ஜனங்கள் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் படித்தார்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்கூட அதற்காக ஆசாத் சென்டருக்குப் போனதாகக் கேள்வி.

துபாய், சிங்கப்பூர் மாப்பிள்ளைகள் கார்டில் பணம் கட்டுகிறோம் என்று கேட்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. கார்டுப் பணத்தை வாங்கித் தருகிற சென்னைக் கம்பெனி ஒன்று, வெப்சைட்டில் விதிமுறைகள் பக்கமும், தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கமும் இருந்தால்தான் இணைப்புத் தர முடியும் என்றது.

"தனியுரிமைன்னா என்ன தம்பி?" என்று ஜெயமேரி என்னைக் கேட்டார்.

"மத்தவங்க சமாச்சாரத்த வெளிய சொல்லாம இருக்கிறதுதான் அக்கா."

"சொல்லாம எப்படிடா கல்யாணம் நடக்கும்?" என்றார்.

சென்னையில் இந்த மாதிரிப் பத்திரம் எழுதித் தருகிற ஒரு வக்கீல் ஆபீசை ஆசாத் விசாரித்தார். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் ஜெயமேரி தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அம்புட்டுக்கு மண்டபம் பிடிச்சு ஒரு கல்யாணத்தயே முடிச்சுரலாமே" என்றார். "நீ பாத்துக்க ஆசாத். பெரிய பெரிய வெப்சைட்டுல எல்லாம் போட்டிருப்பான்ல, அதே மாதிரி ஒண்ணு போட்டுரு."

ஆசாத் அன்று மாலையே போட்டுவிட்டார். இங்கிலீஷில் நீளமாக, நம்பர் நம்பராக, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. நாங்கள் யாரும் படிக்கவில்லை. அதைப் படிப்பதற்கென்று ஒருவர் சாணார்பட்டியிலிருந்து வந்தார்.

அவர் சடையாண்டி வாத்தியார். அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவர். மூத்த மருமகன் வற்புறுத்தியதால் இளைய மகளைப் பதிந்துவிட்டு, பிறகு வெப்சைட்டை முழுக்க அச்செடுத்துப் படித்திருக்கிறார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்கிற ரகம். ஒரு காகிதக் கட்டோடு வந்து நின்றார். பல இடங்களில் சிவப்பு மையால் கோடு.

"உக்காருங்க சார்" என்றார் ஜெயமேரி.

"நின்னுக்கிட்டே கேக்குறேன்மா. இங்கிலீஷ்ல இருக்கிறத அப்படியே தமிழ்ல சொல்றேன். ‘மாப்பிள்ளையை எடுத்துச் செல்லும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை.’ இது நீங்க போட்டதா?"

ஜெயமேரி என்னைப் பார்த்தார். நான் ஆசாத்துக்குப் போன் போட்டேன்.

"அப்புறம் இது. ‘ஏழு நாளைக்குள், கீறல் ஏதுமின்றி, எடுத்துப்போன அதே நிலையில் மாப்பிள்ளையைத் திருப்பி ஒப்படைத்தால் முழுப் பணமும் தரப்படும்.’ எங்க குடும்பத்துல அப்படிப் பழக்கம் இல்லம்மா."

"எங்க குடும்பத்துலயும் இல்ல சார்."

"‘இதற்கு முன் எத்தனை பேரிடம் இருந்தது என்ற விவரம், கேட்டால் எழுத்தில் தரப்படும்.’ இது நல்லாத்தான் இருக்கு. இத வேணா வச்சுக்கங்க. கடைசியா, தகராறு வந்தா கலிபோர்னியா கோர்ட்டுலதான் பாத்துக்கணுமாம். நான் திண்டுக்கல் கோர்ட்டுக்கே பஸ் மாறித்தான் வாரேன்."

அதற்குள் ஆசாத் வண்டியில் வந்து இறங்கினார். அமெரிக்காவில் பழைய கார் விற்கிற ஒரு வெப்சைட்டிலிருந்து எடுத்ததாக ஒத்துக்கொண்டார். அதில்தான் எழுத்து அழகாக இருந்ததாம்.

"எங்கெல்லாம் கார்னு இருக்கோ அங்கெல்லாம் குரூம்னு மாத்தச் சொன்னேன் சார். கம்ப்யூட்டர் சொன்னதச் செஞ்சிருச்சு."

வாத்தியார் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "‘கிரெடிட் குரூம்டு’ன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

ஆசாத் குனிந்து பார்த்தார். "அது கார்டு சார். அதுக்குள்ளயும் கார் இருந்திருக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டேன். ஜெயமேரி சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் வெப்சைட்டில் ஏறிய பிறகு அவர் ஒரு கல்யாணம் முடித்திருந்தார்.

"அப்ப அந்தக் கொசவபட்டி மாப்பிள்ளைய அவுக திருப்பிக் குடுத்தா நான் வாங்கிக்கிறணுமா?" என்று கேட்டார். பயந்துதான் கேட்டார்.

"ஏழு நாள் தாண்டிருச்சாம்மா?" என்றார் வாத்தியார்.

"தாண்டிருச்சு சார்."

"அப்ப பயமில்ல."

அன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்தாயிற்று. மறுநாள் ஜெயமேரி தன் பெரியப்பா மகன் ஸ்தனிஸ்லாஸைப் பார்க்கப் போனார். கூட என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஸ்தனிஸ்லாஸ் வக்கீல். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ். வரப்பு, வண்டிப்பாதை, கிணற்றுப் பங்கு, இவைதான் அவர் வழக்குகள். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெப்சைட்டை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

"உன்கிட்ட பீஸ் வாங்குவனா?" என்றார். "எங்க வீட்டுல மச்சினன் ஒருத்தன் வாரதையெல்லாம் வேணாம் வேணாம்னுட்டு உக்காந்திருக்கான். அவன ஃப்ரீயாப் பதிஞ்சு, மொதப் பக்கத்துல போடு. நீ கேக்குறத நான் எழுதித் தாரேன்."

பேனாவைத் திறந்தார். முதல் கேள்வி:

"வெப்சைட்டுக்கு வடக்க என்ன இருக்கு?"

ஜெயமேரி யோசிக்கவேயில்லை. "வடக்க இவன் ஜெராக்ஸ் கடை."

"தெக்க?"

"சாக்கட."

நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். வக்கீல் கையமர்த்தினார். எல்லை இல்லாமல் அவரால் எழுத முடியாது.

பத்திரம் தயாரானது. அதில் நான் மனப்பாடம் செய்துவைத்திருக்கிற பகுதி இது: ‘திண்டுக்கல் தாலுகா, நாகல் நகரில் இருக்கும் ராயப்பராஜ் மனைவி ஜெயமேரியாகிய நான், மேற்படி வெப்சைட்டைப் பார்வையிட வரும் சகலருக்கும் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொடுத்த நிபந்தனைப் பத்திரம் என்னவென்றால், மேற்படி வரன்களின் பேரில் முன் கிரயம், முன் அடமானம், ஜப்தி முதலான யாதொரு வில்லங்கமும் கிடையாதென்றும், பின்னிட்டு அப்படி ஏதும் தெரியவந்தால் அதை நானே என் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுப்பேனென்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.’

"முன் கிரயம்னா என்னண்ணே? ஒரு பையன் முன்னாடி வேற பிள்ளைய விரும்பியிருந்தா அத நான் போயித் தீத்து வைக்கணுமா?"

"அது எல்லாப் பத்திரத்துலயும் போடுற வாசகம். கண்டுக்காத."

"கண்டுக்காம இருக்கிறதுக்கா எழுதுறீக?"

ஸ்தனிஸ்லாஸ் பத்திரத்தை மடித்து நீட்டினார். ஆசாத் அதை அப்படியே வெப்சைட்டில் ஏற்றினார். அடுத்த வாரம் சென்னையிலிருந்து போன் வந்தது. கார்டுக் கம்பெனியில் இந்தப் பக்கங்களைச் சரிபார்க்கிற பெண், பெயர் அன்புக்கரசி. ஜெயமேரி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்க விதிமுறைகள் பக்கம் படிச்சேன். வெப்சைட்டுக்கு வடக்க ஆனந்த்ராஜ் ஜெராக்ஸ் கடைன்னு இருக்கு."

"ஆமாம்மா, பக்கத்துலதான் இருக்கான். பேசுறீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு பாதியில் அமுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மேடம், பெரிசா எதுவும் வேணாம். ஜனங்ககிட்டயிருந்து என்ன வாங்குறீங்க, அத எங்க வைக்கிறீங்க, யாருக்குக் காட்டுறீங்க, அவங்க வேணாம்னா என்ன செய்வீங்க. அப்புறம் பணம் எப்பத் திருப்பித் தருவீங்க, எப்பத் தர மாட்டீங்க. நீங்க நிஜமா என்ன செய்றீங்களோ அத எழுதுங்க. எழுதிட்டு உங்க வக்கீல்கிட்ட ஒரு தரம் காட்டிருங்க. அதுக்கு நெறையச் செலவாகாது."

அன்று மதியம் கடையில் கூட்டமில்லை. ஜெயமேரி சொல்ல, நான் எழுத உட்கார்ந்தோம். சடையாண்டி வாத்தியாரை வரச் சொல்லியிருந்தோம். தமிழை இங்கிலீஷாக்க அவரை விட்டால் யார். ஆசாத் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாங்குறோம்?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான்."

"எங்க வைக்கிறோம்?"

"கம்ப்யூட்டர்ல. மிச்சம் எனக்குத் தெரியும்," என்று தலையைத் தொட்டுக் காட்டினார்.

"யாருக்குக் காட்டுறோம்?"

"கேக்குறவங்களுக்கெல்லாம்."

பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "அத அப்படியே எழுதவா அக்கா?"

"எழுது, நெசந்தானே" என்றார். நான் எழுதினேன். ‘நீங்கள் தரும் விவரங்களைக் கேட்கிற எல்லாருக்கும் சொல்லுவோம்.’ உரக்கப் படித்தும் காட்டினேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஜெயமேரி முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். எழுத்தில் கேட்டபோது வேறு யாரோ அவரைப் பற்றிக் கோள் சொன்னது மாதிரி இருந்திருக்கும்.

"நல்லாயில்லயே" என்றார்.

"நல்லாயில்ல" என்றார் வாத்தியார். "என் மக ஃபோட்டோவ இப்ப யார் யார் பாத்திருக்காகன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

ஜெயமேரிக்குத் தெரியவில்லை. யார் வீட்டில் எத்தனை பவுன் போடுவார்கள் என்பதுவரை தெரிந்த அவருக்கு, அது தெரியவில்லை.

"அத அடி" என்றார் ஜெயமேரி. "இப்படி எழுது. ஃபோட்டோ வேணுங்கிறவன் யாருன்னு பொண்ணு வீட்டுல சொல்லிக் கேட்டு, அவுக சரின்னாத்தான் காட்டுவோம். நம்பரும் அப்படித்தான்."

"அப்ப வெப்சைட்டையே மாத்தணும்க்கா" என்றார் ஆசாத்.

"மாத்து."

‘குறிப்பு’ கட்டத்தில்தான் தகராறு. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. அது பொய்யில்லையே, ஒவ்வொன்றும் விசாரித்து எழுதியதாயிற்றே என்று வாதாடினார். ‘அம்மா கொஞ்சம் பேசுவாங்க’ என்று போட்டிருந்த அந்த அம்மாவே அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து, கொஞ்சமா பேசுகிறேன் என்று ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்ததை நான் ஞாபகப்படுத்தினேன். பெருமூச்சு விட்டு, "எடுத்துருங்க" என்றார். வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் கூட்டம் அதன் பிறகு பாதியாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பக்கம் சின்னதாக முடிந்தது. தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. ‘கல்யாணம் அமையும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது, முயற்சி செய்வோம். மாப்பிள்ளையைப் பற்றி நீங்களும் விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவுப் பணம், நாங்கள் ஒரு வரனும் காட்டாவிட்டால் திருப்பித் தரப்படும். காட்டி உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தரப்பட மாட்டாது.’ ஸ்தனிஸ்லாஸ் படித்துப் பார்த்து, "இது பத்திரம் மாதிரியே இல்லையே" என்று வருத்தப்பட்டார். ஆனால் உபயோகமான காரியமும் செய்தார். எங்கெல்லாம் ‘கட்டாயம்’ என்று ஜெயமேரி வாக்குக் கொடுத்திருந்தாரோ அங்கெல்லாம் அடித்து ‘இயன்றவரை’ போட்டார். ஃபோட்டோ விஷயத்தில் மட்டும் அடிக்க விடவில்லை ஜெயமேரி. தகராறு வந்தால் திண்டுக்கல் நீதிமன்றம் என்று கடைசி வரி சேர்ந்தது. சென்னைக் கம்பெனி இணைப்புக் கொடுத்தது.

பக்கம் எழுதுவது சுலபம். அதன்படி நடப்பதற்குச் சோதனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. ராயப்பராஜின் அக்கா செபாஸ்தியம்மாள் ஒருநாள் பலாப்பழத்தோடு கடைக்கு வந்தார். வெப்சைட்டில் அகரத்து நர்ஸ் பெண் ஒன்றைப் பார்த்திருக்கிறார். மகனுக்குக் கேட்க வேண்டும்.

"நம்பரக் குடு, நான் பேசிக்கிறேன்."

"கேட்டுட்டுச் சொல்றேன் மதினி. அவுக சரின்னா தாரேன்."

"நம்ம ஊருப் பிள்ள. என்கிட்ட தாரதுக்கு அவகிட்ட கேக்கணுமா?"

"வெப்சைட்டுல எழுதிப் போட்டிருக்கு மதினி."

"யாரு எழுதுனது?"

"நாந்தான்."

"நீ எழுதுனத நீயே அழிக்க மாட்டியா?"

ஜெயமேரி நம்பரைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் இப்போது வேண்டாம் என்றாள். செபாஸ்தியம்மாள் பலாப்பழத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு கோயிலில் பங்குச் சாமியாரிடம் முறையிட்டார். சாமியார், ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பது நல்ல பழக்கம்தானே என்று சொல்லப்போக, அவர் பேரிலும் கோபம். வீட்டில் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிய ராயப்பராஜ் கொஞ்ச நாள் நைட் டிரிப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இது ஊரில் பரவியது. பரப்பியது செபாஸ்தியம்மாள்தான். சொந்த நாத்தனாருக்கே நம்பர் தராத பொம்பளை என்று அவர் போகிற இடமெல்லாம் திட்டினார். அதைக் கேட்ட பெண்ணைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பதிந்தார்கள். சடையாண்டி வாத்தியார் மகள் கல்யாணமும் அந்த வருஷம் வெப்சைட்டிலேயே அமைந்தது. ஸ்தனிஸ்லாஸின் மச்சினன் மட்டும் மொதப் பக்கத்திலேயே கடைசிவரை இருந்தார்.

வெப்சைட் வைத்த மற்றவர்களும் அந்தப் பக்கத்தைக் கேட்டு வந்தார்கள். மசாலாப் பொடி விற்கிற கமர்ஜஹான் கேட்டார், கொடுத்தோம். ரொம்ப நாள் கழித்துத்தான் அதை நான் பார்த்தேன். ‘பெண்ணின் புகைப்படத்தை அவர் சம்மதமின்றி யாருக்கும் காட்ட மாட்டோம்’ என்று அப்படியே இருந்தது, மட்டன் மசாலாவுக்குக் கீழே. சொன்னபோது அவர், "இருக்கட்டும் தம்பி, நல்ல வார்த்தைதானே" என்றார்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு மதியம். ஜெயமேரி சில்லறை மாற்ற என் கடைக்கு வந்து நின்றிருந்தார். போன் வந்தது. ஒரு பெண் பேசினாள். தன் பதிவை எடுத்துவிடச் சொன்னாள். மூன்று நாளில் நிச்சயதார்த்தம் என்று எனக்கே தெரிந்த பெண். நிச்சயம் முடியும் முன்னால் யாரும் அப்படி எடுக்கச் சொன்னதில்லை. ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்க மாட்டோம் என்று எங்கள் விதிமுறைகள் பக்கத்தில் ஒரு வரி உண்டு. பக்கம் எழுதியபோது அன்புக்கரசி சொல்லிச் சேர்த்தது.

ஜெயமேரி வாயைத் திறந்தார். மூடினார். இடது கையால் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சரிம்மா," என்றார். "இன்னைக்கே எடுத்துருவோம். உன் ஃபோட்டோவும் இருக்காது."

போனை வைத்தார்.

"என்னக்கா?"

"தொண்ட வரைக்கும் வந்துருச்சு தம்பி" என்றார். பிறகு, "டீ சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.